ஏற்றத்தில் தள்ளலாம், இறக்கத்தில்?

கேள்வி:

நான் ஹந்தானையில், உடுவெல போகும் பாதையில் இருக்கிறேன். கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் கணக்கு வேலை. 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் அவசரமாக ஒரு மலிவுச் சைக்கிள் வாங்கினேன். எட்டு மாதத்தில் இடது பக்கக் கிராங் ஆடத் தொடங்கியது. எத்தனை தரம் இறுக்கினாலும் நிற்கவில்லை. கடைசியில் பழைய இரும்புக்குத்தான் போனது. இப்போது 1,20,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். காலையில் டவுனுக்கு இறக்கம், மாலையில் வீட்டுக்கு ஏற்றம். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் தோட்டப் பாதைகளால் கலஹா வரை போகிறார்கள், அவர்களோடு சேர ஆசை.

மூன்று சைக்கிள் பார்த்திருக்கிறேன். முதலாவது 29 அங்குல டயர், முன்னும் பின்னும் ஷொக், டிஸ்க் பிரேக், 21 கியர், பார்க்க மிகவும் அழகு. இரண்டாவதில் முன்னால் மட்டும் ஷொக், 27.5 அங்குல டயர், வயரில் இயங்கும் டிஸ்க், முன்னால் 3 பின்னால் 8 கியர், ஷிமானோ ஆல்டஸ் என்று எழுதியிருக்கிறது. விலை கிட்டத்தட்ட அதேதான், ஆனால் பார்வைக்குச் சாதாரணம். மூன்றாவது ஜப்பானில் பாவித்து இங்கே வந்த 26 அங்குலச் சைக்கிள், பழைய வி-பிரேக், பாதி விலை. எந்தெந்தப் பாகத்தைப் பார்த்து முடிவெடுப்பது? எதைப் பிறகு மாற்றலாம்? இன்னொன்று, கேரியர் பூட்ட முடியுமா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் ‘காலையில் டவுனுக்கு இறக்கம்’ என்று இருந்த இடத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். கண்டியில் சைக்கிள் வாங்க வருகிறவர்கள் எல்லோருக்கும் ஏற்றத்தைப் பற்றித்தான் கவலை. எத்தனை கியர், எவ்வளவு பாரம், மூச்சு வாங்குமா என்றெல்லாம் கேட்பார்கள். ஏற்றத்தில் முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துச் சிரிப்பார், அவ்வளவுதான் நட்டம். இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் இறங்கவே வழியில்லை. ஆஸ்பத்திரிப் பக்கமாக டவுனுக்குள் விழுகிற அந்தப் பாதையைத் தினமும் பார்க்கிற உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

சைக்கிளைப் பற்றி நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் புத்தி பாதி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. 1990களில் வடக்குக்கு எரிபொருள் போகாமல் தடை இருந்தபோது குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. விறகு, நோயாளி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூவர் என்று எல்லாவற்றையும் ஒரே கியரில் மிதித்தார்கள். அது சமதரை. ‘பாரமான இரும்பு என்றால் நெடுநாள் உழைக்கும்’ என்ற பேச்சு அங்கே சரி. நீங்களோ ஒவ்வொரு கிலோவையும் மாலையில் மலைக்குத் தூக்கி, காலையில் பிரேக்கால் பிடித்து இறக்க வேண்டியவர்.

எனவே பிரேக்கிலிருந்து தொடங்குவோம். ஒரு சின்னக் கணக்கு. நீங்கள், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் சக்தி சுமார் 88 கிலோ ஜூல். கால் லீட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஒரு பிளேன்டீக்குக் காணும். வேகமாகப் போனால் காற்று அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். வளைவும் பஸ்ஸும் த்ரீவீலும் உள்ள பாதையில் மெதுவாக இறங்கினால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி பிரேக்குக்குத்தான் போகும். ஹந்தானையிலிருந்து டவுனுக்கு வருவதற்குள் சில பிளேன்டீ போட்டுவிடுகிறீர்கள்.

மவுண்டன் பைக் பிறந்த கதையிலேயே இந்தச் சூடு இருக்கிறது. 1970களில் கலிபோர்னியாவில் டமால்பைஸ் மலைப் பக்கத்து இளைஞர்கள், கடைகள் கழித்துவிட்ட பழைய பாரச் சைக்கிள்களைத் திருத்தி மண்பாதையில் இறக்கி ஓட்டினார்கள். 1976 அக்டோபரில் அவர்கள் அங்கே ஓர் இறக்கப் பந்தயம் தொடங்கினார்கள். மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் சுமார் 400 மீட்டர் இறங்கும் பாதை அது. அந்தச் சைக்கிள்களில் பிரேக் பின் ஹப்புக்குள் இருந்தது, பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும். ஒரு தரம் இறங்கி முடிப்பதற்குள் ஹப்பிலிருந்த கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்து போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஹப்பைக் கழற்றிப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அதனால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’, அதாவது ‘மறுபடி அடை’, என்று பெயர் வந்தது. மவுண்டன் பைக் முன்னோடிகளான ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் போன்றவர்கள் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்தான்.

இனி நம் ஊர் மழைக்கு வருவோம். வி-பிரேக்கைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காய்ந்த பாதையில், நல்ல பிரேக் கட்டையும் புது வயரும் இருந்தால் அது நன்றாகவே பிடிக்கும். மழையில்தான் வித்தியாசம் தெரியும். ரிம்மில் தண்ணீர் இருக்கும்போது கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்கிறது, அதற்குப் பிறகுதான் பிடிக்கிறது. அந்த ஓரிரு சுற்றுக்குள் வளைவு வந்துவிடும். தோட்டப் பாதைச் செம்மண் ரிம்மில் ஒட்டினால் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே அம்மி அரைக்கிற மாதிரி அரைபடும். ஒக்டோபர், நவம்பர் மழை ஒன்றை முழுதாக ஓட்டிப் பாருங்கள், கட்டை எவ்வளவு தேய்ந்தது என்று தெரியும். ரிம்மும் சேர்ந்தே தேய்கிறது, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

டிஸ்க் பிரேக்கில் பிடிக்கும் இடம் சேற்றிலிருந்து உயரத்தில் இருக்கிறது, ரிம் தேய்வதில்லை, சக்கரம் கொஞ்சம் கோணினாலும் பிரேக் உரசாது. உங்களுக்கு டிஸ்க்தான். ஆனால் ‘டிஸ்க்’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. மலிவு சைக்கிள்களில் வரும் பெயரில்லாத வயர் டிஸ்க்கை விட நல்ல வி-பிரேக் எவ்வளவோ மேல். டெக்ட்ரோ, ஷிமானோ போன்ற பெயர் பிரேக்கிலேயே பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கைப்பிடியை அழுத்துங்கள். லீவர் ஹேண்டிலைத் தொடும் அளவுக்கு வந்தும் சக்கரம் சுற்றினால், ‘பிறகு இறுக்கித் தருகிறேன்’ என்பதை நம்பாமல் அங்கேயே இறுக்கச் சொல்லிப் பாருங்கள். வயர் டிஸ்க்கில் பெரும்பாலானவற்றில் ஒரு பக்கக் கட்டைதான் நகரும். மறுபக்கக் கட்டையைத் தேயத் தேயக் கையால் உள்ளே திருகிக் கொடுக்க வேண்டும். அந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்கே தெரியாவிட்டால் அந்தக் கடையில் சர்வீசுக்கு விடாதீர்கள்.

எண்ணெயில் இயங்கும் டிஸ்க் இன்னும் சுகம். ஒரு விரலால் பிடிக்கலாம், இரண்டு கட்டையும் சேர்ந்து நகரும், நீண்ட இறக்கத்தில் கை மரத்துப் போகாது. ஷிமானோவின் எம்.டி. 200 மாதிரியான அடிமட்ட மொடலே நமக்குத் தாராளம். ஓர் எச்சரிக்கை: ஷிமானோ, டெக்ட்ரோ பிரேக்குகளுக்கு மினரல் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். நம் ஊரில் பிரேக் எண்ணெய் என்று சொன்னால் மோட்டார் சைக்கிளுக்கும் த்ரீவீலுக்கும் ஊற்றுகிற டொட் எண்ணெயை எடுத்து ஊற்றிவிடுவார்கள். உள்ளே இருக்கிற ரப்பர் ஊதிப் பெருத்து பிரேக்கே வீணாகிவிடும். போத்தலை வீட்டில் வைத்துக்கொண்டு, ‘இதை ஊற்றுங்கள்’ என்று கையில் கொடுங்கள்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இதுதான்: இரண்டாவது சைக்கிளின் அதே மொடல் எண்ணெய் டிஸ்க்கோடும் வருகிறதா? விலையில் கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் எடுங்கள். இல்லாவிட்டாலும் கவலையில்லை, வயர் டிஸ்க்கோடு வாங்கி, அடுத்த வருடம் போனஸ் வந்ததும் பிரேக்கை மட்டும் மாற்றலாம். டிஸ்க் தகட்டில் ‘ரெசின் கட்டை மட்டும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் உலோகக் கட்டை போடாதீர்கள், தகடு சீக்கிரம் அரைபட்டுப் போகும். புதுக் கட்டையை முதல் நாளே பெரிய இறக்கத்தில் நம்பவும் வேண்டாம். சமதரையில் கொஞ்சம் வேகம் எடுத்து, நிற்கும் அளவுக்குப் பிடித்து விடுவதை இருபது முப்பது தரம் செய்தால்தான் அது தகட்டோடு படிந்து முழுமையாகப் பிடிக்கும். கண்டியில் சமதரைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். விடியற்காலையில் வாவியைச் சுற்றுங்கள்.

எந்தக் கை எந்தப் பிரேக் என்பதையும் பாருங்கள். ஜப்பான் சைக்கிளில் வலக்கை முன் பிரேக். நம் ஊர் மோட்டார் சைக்கிள் பழக்கமும் அதுதான். வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்தவை சில மாறி வரும். நனைந்த பாசிப் பாதையில் பின் பிரேக் என்று நினைத்து முன் பிரேக்கைப் பிடித்தவருக்கு அதன் அருமை தெரியும்.

கியருக்கு வருவோம். 21, 24, 27 என்ற இலக்கங்களை மறந்துவிடுங்கள். 21 என்றால் முன்னால் 3, பின்னால் 7, பெருக்கிய தொகை. அதைவிடப் பயனுள்ள இலக்கங்கள் இரண்டு உண்டு: முன்பக்கச் செயின்வீல்களில் மிகச் சிறியதன் பல் எத்தனை, பின்பக்கத்தில் மிகப் பெரியதன் பல் எத்தனை. பெரும்பாலும் சக்கரத்திலேயே பொறித்திருக்கும். இல்லாவிட்டால் எண்ணுங்கள், கடையில் எண்ணுவதற்கு வெட்கப்படாதீர்கள். உங்கள் முதலாவது சைக்கிளைப் போன்ற 21 கியர் சைக்கிள்கள் பலவற்றில் முன் சிறியது 28, பின் பெரியது 28. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. 29 அங்குலச் சக்கரம் என்றால் 2.28 மீட்டர் முன்னே போகும். இரண்டாவதில் 22உம் 34உம் இருந்தால் ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டர்தான் போகும்.

நூறு அடிக்கு எட்டு அடி உயரும் ஏற்றத்தில், நிமிடத்துக்கு 60 தரம் மிதிக்கிறீர்கள் என்று வைப்போம். முதலாவதில் அந்த 90 கிலோவை மேலே தூக்க மட்டும் 160 வாட்ஸ் வேண்டும். இரண்டாவதில் 100 வாட்ஸ் போதும். வேகம் மணிக்கு 5 கிலோமீட்டராக இருக்கும். நடக்கிற வேகம்தானே என்று தோன்றும். கடையில் நாள் முழுவதும் நின்று கணக்கு எழுதிவிட்டு மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு ஏறுகிறவருக்கு 160 வாட்ஸ் என்பது ஒரு வாரத்தில் சைக்கிளை மூலையில் சாத்திவைக்கிற அளவு.

இந்த இடத்தில் முன்னால் ஒரே செயின்வீல் உள்ள சைக்கிளைக் கடைக்காரர் காட்டக்கூடும். மோசமில்லை. முன் 32, பின் 46 என்றால் விகிதம் 0.7, கிட்டத்தட்ட அதே இலகு. மைக்ரோஷிப்ட் அட்வென்ட் மாதிரி ஒன்பது கியர் அமைப்புகள் விலைக்கு மிகத் தரமானவை. ஆனால் முன் 34, பின் 34 என்று இருக்கும் ‘ஒன்பது கியர்’ சைக்கிளைக் கண்டால் ஒதுங்கிப் போங்கள். அது கொழும்புக்குச் சரி.

ஆல்டஸ், அசேரா, அலிவியோ, டியோர் என்று ஷிமானோ பெயர்கள் படிப்படியாக மேலே போகும், டூர்னி அடிப்படி. ஒரு வியாபாரத் தந்திரம் சொல்கிறேன். எல்லோர் கண்ணும் போவது பின் கியர் மாற்றியின்மேல். ஆகவே அதில் மட்டும் ஒரு படி உயர்ந்த பெயரைப் பூட்டி, ஹப், கிராங், பிரேக் எல்லாவற்றிலும் காசைக் குறைத்துவிடுவார்கள். பின் கியர் மாற்றி விழுந்தால் உடைகிற, எளிதில் மாற்றக்கூடிய பாகம். காசு ஒளிந்திருக்கும் இடம் ஹப்.

பின் சக்கரத்தில் பல்சக்கரக் கட்டு இரண்டு விதமாகப் பூட்டப்படும். பழைய முறையில் பிரீவீல் முழுவதும் ஹப்பின்மேல் மரை திருகி ஏறும். புது முறையில் டிக்டிக் என்று ஒலிக்கும் பொறி ஹப்போடு சேர்ந்தது, பல்சக்கரங்கள் மட்டும் அதன்மேல் சொருகும். அதைக் கசெட் என்பார்கள். பிரீவீல் முறையில் வலப்பக்கக் குண்டுகள் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் நீண்ட துண்டு தாங்கலில்லாமல் வெளியே நிற்கும். கல் பாவிய தோட்டப் பாதையில் அது வளையும், ஒருநாள் முறியும். கடையில் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. பின் பல்சக்கரக் கட்டின் நடுவே, சாவி போட்டுக் கழற்றும் வெட்டுகள் தெரியும். பல்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுழற்றுங்கள். அந்த வெட்டுகளும் சேர்ந்து சுழன்றால் கசெட். பல்சக்கரம் மட்டும் சுழன்று வெட்டுகள் அசையாமல் நின்றால் பிரீவீல். ஏழு கியர் என்றால் பெரும்பாலும் பிரீவீல். எட்டில் இரண்டும் வரும், அதனால்தான் உங்கள் இரண்டாவது சைக்கிளை இப்படிச் சுழற்றிப் பார்க்காமல் காசு கட்ட வேண்டாம் என்கிறேன். என் தேர்வில் இது பெயிலானால் அந்தச் சைக்கிளும் பெயில்தான்.

எட்டு கியரின் இன்னொரு வசதி, 6, 7, 8 கியர்களுக்கு ஒரே அகலச் செயின் போதும். கம்பளையிலோ தெல்தோட்டையிலோ செயின் அறுந்தால் சின்னக் கடையிலும் கிடைக்கும். பின் கியர் மாற்றி தொங்கும் சின்ன அலுமினியக் கொக்கி பிரேமிலிருந்து தனியாகக் கழற்றக்கூடியதா என்றும் பாருங்கள். விழுந்தால் அது வளைந்து பிரேமைக் காப்பாற்றும். பிரேமுக்குப் பிரேம் அதன் வடிவம் மாறும் என்பதால், வாங்கும் நாளிலேயே இன்னொன்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பழைய சைக்கிளின் கிராங் கதை எனக்கு அலுக்குமளவு தெரிந்தது. கிராங் அலுமினியம், அது ஏறி நிற்கும் சதுர அச்சு இரும்பு. புதுச் சைக்கிளில் முதல் சில வாரம் மிதிக்க மிதிக்க கிராங் அச்சில் இன்னும் கொஞ்சம் ஏறி உட்காரும், போல்ட் தளரும். அப்போது ஒரு தரம் நன்றாக இறுக்கியிருந்தால் ஆயுளுக்கும் நின்றிருக்கும். தளர்ந்ததோடு ஓட்டினால் இரும்புச் சதுரம் மெல்லிய அலுமினியத் துளையை உருட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை தரம் இறுக்கினாலும் நிற்காது. சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டிருக்க வேண்டியதில்லை, இடது கிராங் ஒன்றை மாற்றினால் போதும். போனது போகட்டும். புதுச் சைக்கிளிலும் இதே சதுர அச்சுதான் இருக்கும், அதில் தப்பில்லை. வாங்கி இரண்டு வாரத்தில் 8 மில்லிமீட்டர் அலன் சாவியால், நீளமான கைப்பிடி போட்டு, இரண்டு பக்கமும் இறுக்குங்கள். ஒரு மாதத்தில் இன்னொரு தரம்.

ஷொக்கைப் பற்றி அதிகம் எழுத எனக்கு ஆசையில்லை. இந்த விலையில் பின் ஷொக் என்பது சைக்கிளுக்கு நடுவே பூட்டிய கட்டில் ஸ்பிரிங். உங்கள் காலின் பலத்தில் ஒரு பகுதியை அது ஏற்றத்தில் ஆடியே தின்னும், பாரம் கூடும், மூட்டுக் குண்டுகள் ஒரு மழைக்காலத்தில் கிறீச்சிடும். அதற்குப் போன காசு வேறெங்கோ குறைக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் பிரேக்கில். முதலாவது சைக்கிள் இதனாலேயே விழுந்துவிட்டது. அழகுக்கு நான் எதிரி இல்லை. அழகான அந்தப் படத்தை அலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன் ஃபோர்க்கில் சன்டூர் எக்ஸ்.சி.டி., எக்ஸ்.சி.எம். என்ற பெயர்கள் இருந்தால் சாதாரணத் தரம், போதுமானது. கடையில் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை அமுக்கி விடுங்கள். பந்து மாதிரி சட்டென்று துள்ளி எழும்பினால் உள்ளே ஸ்பிரிங் மட்டுமே இருக்கிறது. மெதுவாக எழும்பினால் கட்டுப்படுத்த ஏதோ இருக்கிறது. முன்னும் பின்னும் ஆட்டும்போது டக் டக் என்று தட்டினால் புதிதிலேயே தளர்ந்தது என்று அர்த்தம். ஏற்றத்தில் ஃபோர்க்கைப் பூட்டிவைக்கும் திருகு இருந்தால் மாலையில் உதவும். ஃபோர்க்கைத் தலைகீழாக, அதாவது முன்பக்கம் பின்னால் வரப் பூட்டி விற்பதையும் நான் கண்டிருக்கிறேன். பெட்டியில் பாதி பூட்டி வருவதைக் கடையில் அவசரமாகப் பூட்டுவதால் வருவது. டிஸ்க் ஓட்டுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும், ஃபோர்க்கின் இரண்டு காலையும் இணைக்கும் வளைவு முன்பக்கம் இருக்க வேண்டும்.

டயர் தேய்கிற சாமான், ஆகவே கடையில் வருவதைப் பற்றி அழ வேண்டாம். 2.1 அல்லது 2.2 அங்குல அகலம் இருந்தால் சரி. காற்றைத்தான் எல்லோரும் தப்பாக அடிக்கிறார்கள். டயரின் பக்கத்தில் 60 என்று எழுதியிருந்தால் அது உச்ச அளவு. தோட்டத்துக் கல் பாதைக்கு உங்கள் எடைக்கு 30இலிருந்து 35 பி.எஸ்.ஐ., தார் ரோட்டுக்கு 40 போதும். கல்லாக அடித்துவிட்டு ‘இந்த ஷொக் சரியில்லை’ என்கிறவர்களை வாரா வாரம் காண்கிறேன். வால்வு மோட்டார் சைக்கிளினது மாதிரி தடித்ததாக இருந்தால் பெற்றோல் செட்டிலேயே காற்று அடிக்கலாம், ஆனால் அந்தக் குழாய் ஒரு நொடியில் டயரைப் பிளக்கும். கைப்பம்பு வாங்குங்கள்.

சக்கர அளவு குறித்த சண்டையில் நான் சேர்வதில்லை. 26 அங்குலத்துக்கு டயரும் டியூபும் எந்தக் கடையிலும் கிடைக்கும், 29 கல்லின்மேல் சுகமாக உருளும், 27.5 இரண்டுக்கும் நடுவே. ரிம் இரட்டைச் சுவர் உள்ளதா என்பது அளவைவிட முக்கியம். டியூபுக்கு அடியில் இருக்கும் ரிம் நாடாவை நகர்த்தி, கம்பியின் தலை ஆழமான குழிக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் தெரியும்.

பிரேம் மட்டும்தான் பிறகு மாற்ற முடியாதது. உங்கள் உயரத்துக்குப் பொருந்தாத பிரேமை ஆல்டஸும் காப்பாற்றாது, டியோரும் காப்பாற்றாது. மேல் குழாயின்மேல் காலை அகற்றி நின்றால் குறைந்தது இரண்டு அங்குல இடைவெளி இருக்கட்டும். மலைப் பாதையில் சட்டென்று காலூன்ற வேண்டி வரும்.

ஜப்பான் சைக்கிளுக்கு உங்கள் கடிதத்தில் மூன்றாம் இடம். எனக்கு அது இரண்டாம் இடம். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. ஜப்பானில் மவுண்டன் பைக் போலத் தோற்றமளிக்கும், ஆனால் தெருவுக்கு மட்டுமே செய்த சைக்கிள்கள் ஏராளம் விற்கப்பட்டன. கரடுமுரடான பாதையில் ஓட்டக் கூடாது என்று அவற்றின் பிரேமிலேயே ஜப்பானிய மொழியில் ஒட்டி விடுவது வழக்கம். நம் ஊரில் யாருக்கு அதை வாசிக்கத் தெரியும்? அந்த ஸ்டிக்கரை அழகுக்கு ஒட்டியது என்று நினைத்துப் பளபளக்கத் துடைத்து விற்கிறார்கள். அலைபேசியில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லாமல், நல்ல பெயரும் அலிவியோ, டியோர் பாகங்களும் இருந்தால், பாதி விலைக்கு அது புதுச் சைக்கிளை விடத் தரமானதாகவே இருக்கலாம்.

அப்படியானால் மூன்று சோதனை. ரிம்மின் பக்கவாட்டை நகத்தால் தடவுங்கள். பிரேக் கட்டை படும் இடம் குழிந்திருந்தால் ரிம் முடியப் போகிறது. ஸ்டீல் அளவுகோலைச் செயினில் வையுங்கள். ஓர் ஆணியின் நடுவில் தொடங்கி 24 கண்ணி தள்ளி உள்ள ஆணி சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயின் மாற்ற வேண்டும்; அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பின் பல்சக்கரமும் போய்விட்டது, அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். கடைசியாக ஹேண்டில் குழாயின் பின்பக்க வெல்டிங்கும், பெடல் அச்சைச் சுற்றிய வெல்டிங்கும். பெயிண்டில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தாலும் வாங்காதீர்கள். இவ்வளவும் தேறினாலும் அது வி-பிரேக். பழைய பிரேமில் டிஸ்க் பூட்டும் இடமும் பெரும்பாலும் இருக்காது. மழையிலும் தினமும் இறங்க வேண்டிய உங்களுக்கு அதனால்தான் இரண்டாவது சைக்கிளைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவர் என்றால் ஜப்பான் சைக்கிளைக் கண்ணை மூடிக்கொண்டு, மன்னிக்கவும், கண்ணைத் திறந்துகொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன்.

பணத்தை முழுதாகச் சைக்கிளில் போடாதீர்கள். ஓர் இருபதாயிரத்தை ஒதுக்கி வையுங்கள்: ஹெல்மெட், பின்விளக்கு, பம்பு, டியூப் இரண்டு, அலன் சாவிக் கட்டு, ஒரு சோடி நல்ல பிரேக் கட்டை. ஹெல்மெட்டில் இ.என். 1078 என்ற தர இலக்கம் உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

நண்பர்கள் போவது பெரும்பாலும் பீக்கோ பாதையின் முதல் கட்டமாக இருக்கும். ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிற 1925ஆம் ஆண்டு ஆலைப் பக்கத்திலிருந்து கலஹா வரை போவது அது. அடுத்த கட்டம் லூல்கந்துரவுக்குப் போகிறது, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட தோட்டம். 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பாதையை நடக்கிறவர்களுக்காகத்தான் வகுத்தார்கள். அதற்கு முன்பே அது தோட்டத்து மக்களின் பாதை. கொழுந்துக் கூடையோடு வருகிறவர்களுக்கு நின்று வழிவிடுங்கள். சைக்கிள் சத்தமில்லாமல் வரும், மணி ஒன்று பூட்டுங்கள், நூறு ரூபாய்ச் சாமானுக்கு ஸ்டைல் பார்க்காதீர்கள். மழைக்குப் பிறகு போனால் அட்டைக் கடிக்கு உப்போ சவர்க்காரமோ எடுத்துப் போங்கள்.

கடைசியாக அம்மாவின் கேரியர். பின் அச்சுக்குச் சற்று மேலேயும், சீட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் மரை வெட்டிய துளைகள் இருந்தால் கேரியர் பூட்டலாம். இரண்டாவது சைக்கிளில் அதைப் பாருங்கள். பின் டிஸ்க் பிரேக், பின் அச்சில் வந்து சேரும் பிரேமின் இரண்டு குழாய்க்கு நடுவே உள்ளே இருந்தால் சாதாரணக் கேரியரே பொருந்தும். அவற்றில் மேலே உள்ள குழாயின்மீது உட்கார்ந்திருந்தால் கேரியரின் கால் அதில் முட்டும். டிஸ்க்குக்கென்று கால் அகற்றி வளைத்த கேரியர் கேட்டு வாங்குங்கள். துளையே இல்லாவிட்டால் சீட் தண்டில் இறுக்கும் வகையைக் காட்டுவார்கள். அது பத்துக் கிலோவுக்குள்தான் தாங்கும், அரிசி மூட்டைக்கு ஆகாது என்று அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.